பழக்குகிறவரும் பழகுகிறவரும்

(கோயம்புத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச அழைத்தபோது, "கம்ப்யூட்டர் படிச்சவங்களைக் கூப்பிடலாமே, மெக்கானிக்கல் வாத்தியாரை எதுக்குங்க கூப்பிடறீங்க?" என்று கேட்டேன். "நீங்க பேசுனாத்தானுங்க எங்களுக்கும் புரியும்" என்றார் அறக்கட்டளையின் செயலாளர். இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று மூன்று வாரம் யோசித்தேன். பாராட்டுதான் என்று வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டு பாடம் சொன்னவன் நான். மில் தொழிலாளியின் மகன். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

கரூரிலிருந்து தொடங்குகிறேன். கரூர் என்றால் நமக்கு பஸ் பாடி, கொசுவலை, அப்புறம் துண்டு, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி. உலகத்தின் பல நாட்டு அடுக்களைகளில் கரூர்த் துணிதான் தொங்குகிறது. அந்தக் கரூரில் ஒரு புது வேலை நடப்பதை 2025 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. ஆப்ஜெக்ட்வேஸ் என்ற நிறுவனம். பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு மேசை முன்னால் நிற்கிறார். வலப்பக்கக் கூடையிலிருந்து வலது கையால் ஒரு துண்டை எடுக்க வேண்டும். இரண்டு கையாலும் உதறி நேராக்க வேண்டும். மூன்று மடிப்பு மடித்து மேசையின் இடது மூலையில் வைக்க வேண்டும். ஒரு நிமிஷத்தைத் தாண்டினாலோ, நடுவில் ஒரு படி தவறினாலோ முதலிலிருந்து ஆரம்பம். இப்படி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. அந்த நிறுவனம் துண்டு மடிக்கும் வீடியோக்கள் 200-ஐ அமெரிக்காவிலுள்ள வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறது. எதற்கு? ரோபோ பார்த்துப் பழகுவதற்கு.

துண்டு நெய்கிற ஊரில், துண்டு மடிக்க ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். மில்லில் முக்கால்வாசி வேலையை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் இன்றைக்கும் பவர் டேபிளுக்குப் பின்னால் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். காரணம் கூலி குறைவு என்பது மட்டும் இல்லை. இரும்புத் துண்டை இயந்திரத்தில் மாட்டினால் அது மாட்டினபடியே நிற்கும். ஆயிரமாவது துண்டும் முதல் துண்டு மாதிரியே இருக்கும். துணி அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒவ்வொரு விதமாகத் தொங்கும், சுருளும், இழுபடும். அந்தத் துவளலுக்குத் தக்கபடி விரல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எப்படித் திருத்திக்கொள்கிறது என்று டெய்லரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தால் எழுதி வைக்கலாம். எழுதி வைக்க முடிந்தால் பழைய முறையிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளையாகக் கொடுத்திருக்கலாம். திருப்பூரை இத்தனை நாள் காப்பாற்றியது அந்தச் சொல்லத் தெரியாத அறிவுதான்.

புது முறைக்குச் சொல்லத் தேவையில்லை, காட்டினால் போதும். ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளை இயந்திரத்துக்குக் காட்டுகிறார்கள். அது ஒன்றை ஊகிக்கிறது. ஊகம் எவ்வளவு தப்பு என்று அளந்து, உள்ளே இருக்கிற எண்களைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். மறுபடி ஊகம், மறுபடி நகர்த்தல். வாக்கியம் எழுதும் இயந்திரமும் இப்படித்தான் அடுத்த சொல்லை ஊகித்து ஊகித்துப் பழகியது. துண்டு மடிக்கும் கையும் இப்படித்தான் பழகப்போகிறது.

"பழகு" என்கிற சொல்லை நான் தெரிந்துதான் போடுகிறேன். தமிழில் அதற்குப் பல வேலை. தொழில் பழகுகிறோம். கார் ஓட்டிப் பழகுகிறோம். மனிதர்களோடு பழகுகிறோம். காங்கேயம் காளைக் கன்றை ஏருக்குப் பழக்குகிறோம். புது மாட்டைப் பழக்க வேண்டுமென்றால், பழகின மாட்டுக்குப் பக்கத்தில்தான் நுகத்தில் பூட்டுவார்கள். பழகின மாடு இழுக்கிற இழுப்பில் புதியது கற்றுக்கொள்ளும். கரூரில் நெற்றியில் கேமரா கட்டியிருக்கிற தம்பி, பழகின மாட்டின் இடத்தில் இருக்கிறார். ஒரே வித்தியாசம், பக்கத்தில் பூட்டியிருக்கிற கன்று எங்கே இருக்கிறது, யார் வீட்டுத் தொழுவத்தில் வளர்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இயந்திரத்தைக் கண்டு மிரண்ட ஊர் இல்லை நம் கோயம்புத்தூர். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூற்பாலை வைத்தார். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதற்குப் பின்னால் மில்கள் வரிசையாக எழுந்தன. அந்தக் கதையை எல்லோரும் மில் முதலாளிகளின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இன்னொரு பாதி, மில்லில் பிட்டராக, டர்னராக இருந்தவர்களின் கதை. சீமையிலிருந்து வந்த இயந்திரம் பழுதானால் உதிரி பாகம் கப்பலில் வருகிறவரை காத்திருக்க முடியாது. கழற்றிப் பார்த்தார்கள், அளந்தார்கள், அதே மாதிரி கடைந்து மாட்டினார்கள். அப்படிப் பழகின கை ஒருநாள் வேலையை விட்டுவிட்டு கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத்தைப் போட்டுப் பட்டறை வைத்தது. பம்ப்செட்டும் கிரைண்டரும் வார்ப்படமும் இந்த ஊரில் பெருகியதற்கு அந்தக் கைகளும் காரணம். கம்பெனியில் வேலை செய்து கற்றது கற்றவரோடுதான் போயிற்று. அதை வாயிலில் நிறுத்தி யாரும் பறித்துக்கொள்ள முடியவில்லை.

ஜி.டி. நாயுடு இதற்குப் பெரிய உதாரணம். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அதையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை அதை அக்கக்காகக் கழற்றியது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தவர். 1945-ல் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் தொடங்கியவர். இன்றைக்கும் பஸ்ஸில் "ஹோப்ஸ் காலேஜ்" என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த ஹோப்தான். பட்டப்படிப்பு ஆண்டுகளை வெட்டிக் குறைக்கலாம் என்று அவர் வாதாடினார், அரசு ஏற்கவில்லை, விலகிக்கொண்டார். இப்போது அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு அவர் பெயரில் மேம்பாலம் நிற்கிறது. அவர் இருந்திருந்தால் இந்தப் புது இயந்திரத்தைக் கண்டு பயந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். முதல் நாளே திருப்புளியைத் தேடியிருப்பார்.

கழற்றிப் பார்க்க முடியுமா என்றுதான் மாணவர்களான நீங்களும் கேட்க வேண்டும். கொஞ்சம் முடியும். உள்ளிருக்கும் எண்களைப் பொதுவில் வைத்திருக்கிற திறந்த மாதிரிகள் இருக்கின்றன. சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு நம் மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுக் கருவிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. அவற்றை இறக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற பையன் ரட்ஜ் வண்டியைக் கழற்றுகிறவன். போனில் கேள்வி கேட்டுப் பதிலை நகலெடுக்கிற பையன் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவன். பின் சீட்டில் போவது தப்பில்லை, ஊர் போய்ச் சேரலாம். வண்டி ஓட்ட மட்டும் வராது.

படிப்பைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. முதலாமாண்டு மாணவனை பிட்டிங் ஷாப்பில் விட்டால், அவன் கையில் ஒரு இரும்புப் பட்டையும் அரமும் கொடுப்போம். ராவ வேண்டும். ராவி ராவி ஒரு பக்கத்தைச் சமதளமாக்கி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் சமம் இல்லை. மறுபடி ராவு. கை கொப்பளிக்கும், பெற்றோர் வந்து சண்டை போடுவார்கள். வருஷா வருஷம் ஒரு புத்திசாலி கேட்பான்: "சார், ஷேப்பிங் மெஷின்ல போட்டா அஞ்சு நிமிஷமுங்களே?" ஆமாம், அஞ்சு நிமிஷம்தான். அந்த இரும்புத் துண்டு யாருக்கு வேண்டும்? பருவ முடிவில் அதை ஸ்க்ராப்பில்தான் போடுவோம். ஆனால் ராவிய மூன்று வாரத்தில் அவன் கைக்கும் கண்ணுக்கும் சமதளம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். பின்னால் ஒருநாள் மெஷின் தப்பாக வெட்டினால், அளவுகோல் வைப்பதற்கு முன்னாலேயே அவனுக்கு உறுத்தும்.

இப்போது கல்லூரிகளில் கட்டுரை, ஆய்வறிக்கை எல்லாம் இயந்திரம் எழுதித் தருகிறது. நண்பர் ஒருவர் ஒரு வகுப்பின் அறுபது ப்ராஜெக்ட் அறிக்கைகளைத் திருத்தினார். அறுபதும் பிழையில்லாத ஆங்கிலம். நாற்பதில் முன்னுரை ஒரே நடை. சந்தேகம் வந்து ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "இந்த மூணாவது பக்கத்தை உன் சொல்லில் சொல்லும்மா" என்றிருக்கிறார். அந்தப் பெண் கண் கலங்கி நின்றுவிட்டாள். சோம்பேறி இல்லை அவள். விடியற்காலை தறிக்குடோனில் அம்மாவுக்கு உதவிவிட்டு பஸ் பிடித்து வருகிறவள். அவளுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது, தமிழில் எழுதினால் மதிப்பெண் வராது. இயந்திரம் அவளுக்கு ஊன்றுகோலாக வந்தது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற அந்த ஒரு வேலையைத்தான் நாம் விட்டுவிட்டோம். வாய்மொழித் தேர்வைப் பெயருக்கு நடத்தாமல் உண்மையாக நடத்துங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் பதில் சொல்லவும் விடுங்கள்.

தமிழ் என்றதும் இந்த மண்ணின் இரண்டு பேரை நினைக்கிறேன். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம், ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். இவர்கள் முயற்சியில் தமிழின் முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954-லிருந்து 1968 வரை வந்தது. முதன்மை ஆசிரியர் தூரன். அவரவர் துறை வல்லுநரிடம் கட்டுரை வாங்கி, இல்லாத கலைச்சொல்லை உண்டாக்கி, அச்சுக்கோத்து, பிழை பார்த்து வெளியிட்டார்கள். அந்தத் தொகுதிகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் மூன்று நொடியில் தமிழில் பதில் வருகிறது. இது எனக்குச் சந்தோஷம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் தூரனின் களஞ்சியத்தில் கட்டுரையை எழுதியவர் யார் என்று பார்க்கலாம், தப்பிருந்தால் அவரைப் பிடிக்கலாம். மூன்று நொடிப் பதிலில் யாரைப் பிடிப்பது?

அப்புறம், எந்தத் தமிழ்? ஒருநாள் விளையாட்டாக என் போனிடம், "வெருசா பொடக்காளிக்குப் போயி அந்தச் சீமாத்தை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பார்த்தேன். (வெருசா என்றால் சீக்கிரம், சீமாறு என்றால் விளக்குமாறு.) எழுத்தில் வந்தது இது: "வர்ஷா பத்ரகாளிக்குப் போய் அந்த சீமந்தத்தை எடுத்துட்டு வா." வீட்டில் எல்லோரும் உருண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் பேத்தி கேட்டாள்: "அப்பிச்சி, பொடக்காளின்னா என்னங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்று கேலி செய்தேன், என் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அவள் பிறந்தது அடுக்குமாடி வீட்டில். அங்கே வீட்டுக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது, பொடக்காளி எங்கிருந்து வரும்? 1942-லேயே ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை அச்சேற்றினார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். இயந்திரம் பழகுவதற்கு நாம் எழுதி வைத்திருப்பது இப்படிச் சில நூல்கள்தான். 2010 ஜூனில் கொடிசியாவில் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் சேர்ந்து நடந்தபோது எழுத்துரு, குறியீடு என்றெல்லாம் பேசினோம். இன்றைக்குப் பேச்சைப் பதிவு செய்கிற காலம். தோட்டத்துச் சாளையிலும் சந்தையிலும் வயதானவர்களின் பேச்சை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து பொதுவில் வைக்கிற வேலையை நம் தமிழ்த்துறைகள் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுத் தலைப்புகளாக எத்தனையோ பார்த்துவிட்டோம், இது ஒன்றும் மோசமில்லை.

பொழுதுபோக்குக்கு வருகிறேன். தென்னிந்தியாவின் தொடக்ககாலத் திரையரங்குகளில் ஒன்றான வெரைட்டி ஹாலை 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊரில்தான் கட்டினார். ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் உண்டு, இசைக்கவும் ஆள் உண்டு. 1931-ல் தமிழ் பேசும் படம் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆக, சினிமாவில் இயந்திரம் ஆளை விரட்டுவது புதிதில்லை. புதிது என்னவென்றால், ஆள் போன பிறகும் குரலை வேலை வாங்குவது. 2024-ல் 'லால் சலாம்' பாட்டில் காலமான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகை கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரலையும் இப்படியே கேட்டோம். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கூடவே ஒரு சங்கடமும் இருந்தது. அது எது என்று இன்னும் பிடிபடவில்லை.

அனுமதி, தொகை. இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

மனித உறவு பற்றியும் பேசச் சொன்னார்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்று உரையாடும் நிரல் ஒன்றைச் செய்தார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளர் அதனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்றாராம். அப்போதே அப்படி. இன்றைக்குப் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும், பெரியவர்கள் தனியாகத் தோட்டத்து வீட்டில். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிற ஒரு குரல் போனிலிருந்து வந்தால் அவர்கள் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். ஆனால் அந்தக் குரலுக்குக் கோபம் வராது, பங்காளிச் சண்டை தெரியாது, சீர் செய்யவில்லை என்று முகத்தைத் திருப்பாது. பழகுவது என்றால் அதுவும் சேர்த்துத்தான். பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு சாவு வீட்டில் கையைப் பிடித்துக்கொள்கிறோமே, அந்த உறவை எந்த நிரல் எழுதும்?

ஆளோடு ஆள் பழகுவதற்கு நம் கும்மியே உதாரணம். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தேக்கம்பட்டிக்காரர், அப்போது வயது எண்பத்தேழு. ஆண்களே ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்றைக்குக் கொங்கு ஊர்க் கோயில் திடல்களில் நூற்றுக்கணக்கான பெண்கள், மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் உட்பட, வரிசை கட்டி ஆடுகிறார்கள். ஒருவர் அடி தவறினால் பக்கத்தில் இருப்பவரின் கை தட்டுத் தவறும். அவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் அடி சரியாகும்.

கடைசியாக என் அப்பாவைப் பற்றி. அவர் மில்லில் சைடர். ரிங் ப்ரேமின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே, அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டுவது வேலை. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்தும், பேசிக்கொண்டிருக்கும்போதே என் சட்டையில் தொங்கும் நூலைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பார்க்காமலே முறுக்கிக்கொண்டிருப்பார். அந்த முறுக்கு அவர் விரலோடு போயிற்று. யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் அவருக்குக் காசு வந்திருக்குமா என்று கேட்டால், அன்றைய நாள் சம்பளம் வந்திருக்கும்.

கரூர்த் தம்பிக்கும் சம்பளம்தான் கிடைக்கிறது. அந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பொறியியல் படித்துவிட்டு சும்மா இருக்கிற பிள்ளைக்கு ஏசி அறையில் கிடைக்கிற வேலையைக் கெடுக்க நான் யார்? ஆனால் காலமான பாடகரின் குரலுக்கு அனுமதியும் தொகையும் உண்டென்றால், உயிரோடு இருக்கிறவரின் கைப்பழக்கத்துக்கு ஏன் இல்லை? ஒரு துண்டை மடித்ததற்குக் கூலி ஒருமுறை. மடிக்கக் கற்ற ரோபோ எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் துண்டு மடிக்கும்? அதில் ஒரு பைசாவாவது கரூருக்குத் திரும்ப வேண்டாமா?

திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். கட்டிங், டெய்லர், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு வரி உண்டு. அடுத்த ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன். தொழிலாளியின் கையைக் கேமராவில் பதிவு செய்து இயந்திரத்தைப் பழக்க வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். அதற்குத் தனித் தொகை பேச வேண்டும். இந்த அவையில் இரு தரப்பினரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் காபி உண்டு என்றார்கள். அங்கேயே பேச்சைத் தொடங்கலாம்.